ஜெர்மனிக்குப் போகாத தேன் கடிதங்கள்

தேன் கூட்டுறவு மேலாளர் அனஸ்தாசியோ, ஊர் மரியாதையில் ‘தோன்’ அனஸ்தாசியோ, காலையிலேயே ருஃபினாவின் வாசலில் நின்றார். தேன் வாங்கும் ஜெர்மனிக்காரருக்கு அனுப்பும் மின்னஞ்சல் மட்டும் போய்ச் சேரவில்லை, மற்றதெல்லாம் போகிறது என்றார். செயலர் நிமியாவின் கணவன் போட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். எனவே அவள்தான் கடிதத் திருடி என்று முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். சாயங்காலம் அவளை வேலையை விட்டு அனுப்ப ஓர் ஆதாரம் வேண்டும். தீர்ப்பை எழுதிவிட்டு ஆதாரம் தேடுகிறவர்களைக் கண்டால் கதை சொல்லும் எனக்கே பற்றிக்கொண்டு வரும். ஊரின் கணினிச் சிக்கல்களை அவிழ்க்கும் ருஃபினா முகத்தில் எதுவும் காட்டாமல் கிளம்பினாள். அவள் தங்கை கணவன் வில்ஃப்ரிதோவும் தொற்றிக்கொண்டான்.

அலுவலகத்தில் நிமியா அழுத கண்களோடு நின்றாள். மோடம் இருந்த அறைச் சுவரில் இடி இறங்கிய கரி இன்னும் இருந்தது. ருஃபினா கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினாள். ஜெர்மனிக் கடிதங்கள் அழியாமல் வரிசையில் காத்திருந்தன.

"ஒளிச்சு வெச்சிருக்கா அக்கா, பாத்தீங்களா?" என்றான் வில்ஃப்ரிதோ.

"அவசரப்படாதே. ஜெர்மனிக்காரன் வாசல் வரைக்கும் போயிருக்கு. அங்கதான் திருப்பி அனுப்பியிருக்காங்க."

அடுத்த வரியைத் தட்டியதும் பதிவுகள் ஓடின. ஒவ்வொரு முறையும் ஜெர்மனிக் கணினி சொன்னது ஒன்றே: நீ புதியவன், அரை நாள் கழித்து வா. குப்பை அஞ்சல் அனுப்புகிறவன் அப்படித் திரும்பி வரமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. நம் கணினியோ சளைக்காமல் திரும்பப் போயிருந்தது. பிறகும் ஏன் புதியவன்? ருஃபினா கூட்டுறவின் இணைய முகவரி எண்ணைத் திரையில் வரவழைத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

உச்சிவெயில் ஏறியது. தோன் அனஸ்தாசியோ சாவிக்கொத்தைக் குலுக்கி எல்லாரையும் மதியத் தூக்கத்துக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போல் கடைசியாகப் பூட்டிக்கொண்டு போனார். வெயில் தாழ்ந்தபின் வந்த ருஃபினா அதே வரியை மறுபடி தட்டினாள். உள்ளங்கையில் ஒரு முகவரி, திரையில் வேறு முகவரி.

மேலாளரையும் நிமியாவையும் உட்கார வைத்து, குளிர்ந்த தெரெரே மூலிகைத் தேநீர் நிறைந்த மாட்டுக்கொம்புக் குவளையை முதலில் நிமியாவிடம் நீட்டினாள். பிறகு மேலாளரைப் பார்த்தாள்.

"மோடத்தை அணைச்சுப் போட்டா நமக்குப் புது முகவரி கிடைக்குது. ஜெர்மனிக்காரன் பழைய ஆளைத் தேடுறான், நாம வேற ஆளாப் போய் நிக்கிறோம். மத்தவங்க இந்தச் சோதனை வைக்கல, அதனால அவங்களுக்குப் போயிடுது. அந்த அறைச் சாவி யார்கிட்ட இருக்கு, தோன்?"

அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இடி விழுந்து பழைய மோடம் கருகியதிலிருந்து மதியமும் இரவும் அவரே பிளக்கைப் பிடுங்கிவிடுவாராம். நல்லதுதானே செய்தேன் என்று முனகினார். பிடுங்காமல் விட்டால் நாளைக்கே கடிதங்கள் போய்விடும் என்றாள் ருஃபினா. வில்ஃப்ரிதோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி நிமியா, காலையில வழக்கம்போல வந்துடு," என்றார் மேலாளர்.

நிமியா குவளையைக் கீழே வைத்தாள். "என்னைத் திருடின்னு முற்றத்துல வெச்சுச் சொன்னீங்க. இல்லைங்கிறதையும் அங்கேயே சொல்லுங்க. அப்புறம் வர்றேன்."

தோன் அனஸ்தாசியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் தேன் டப்பாக்களை ஏற்றிக்கொண்டிருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.