எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்டது

வெள்ளிக்கிழமை காலை, மாற்று வேட்டியும் ஃபிளாஸ்க் நிறையக் காபியும் எடுத்துக்கொண்டு, கணவனை அலமாரியிலிருந்து வாங்கி வரக் கிளம்பினாள் குழலி. கூடவே ஒன்பது வயது மகள் நறுமுகை.

செவ்வாய்க் கோளின் அல்லிக்குளம் குடியிருப்பில் இது ஒன்றும் அதிசயமில்லை. அறுநூறு பேர் வந்து இறங்கிய பிறகுதான், முன்னூறு பேருக்குத்தான் காற்று போதும் என்று கண்டுபிடித்தார்கள். ஏறுவதற்கு முன்பே கணக்குப் போட்டிருக்கலாம். நம் ஆட்கள் எப்போது போட்டிருக்கிறார்கள்? சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேரை அலமாரித் தட்டுகளில் உறையவைத்து, உறைதுயிலில் கிடத்தினார்கள். புதிய காற்றுக்கூடம் ஐந்தாண்டில் தயாராகிவிடும், அன்று எல்லோரும் எழுந்துவிடலாம் என்பது ஏற்பாடு. சீட்டு மதியழகன் பெயருக்கு விழுந்தபோது நறுமுகைக்கு நாலு வயது.

துயில்கூடத்து ஊழியர் பட்டியலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவருக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கேம்மா. சங்கத்துல தீர்மானம் போட்டுட்டாங்களே, தெரியாதா?"

குழலி மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். நேரே நலச்சங்கச் செயலாளர் தாமோதரன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"பூங்கா விரிவாக்கத் தீர்மானம்மா அது," என்றார் அவர், சாவகாசமாக. "புதுக் காற்றுல நடைப்பயிற்சிப் பூங்கா போடுறோம். தூங்குறவங்க இன்னும் கொஞ்ச நாள் தூங்கட்டும்னு ஒன்பதாவது பக்கத்துல இருக்கு. ஒருத்தர்கூட எதிர்க்கல."

"தூங்குறவங்ககிட்ட கேட்டீங்களா?"

"தூங்குறவங்கள எப்படிம்மா கேக்குறது?"

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள் குழலி. நடுவர் இயந்திரத்திடம் முறையிட்டாள். உறுப்பினர் பாதிப்பேருக்குச் சொல்லாமல் நடத்திய வாக்கெடுப்பு எப்படிச் செல்லும்?

அல்லிக்குளத்தில் ஓட்டுப் போடுவது சுலபம். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த செவிமணி ஒலித்து, தகவலைக் கண்ணெதிரே எழுத்தாகக் காட்டும். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை அழுத்தினால் சம்மதம். நடுவர் இயந்திரம் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "உங்கள் வாக்கும் ஆதரவாகத்தான் இருக்கிறது. காலை ஏழு நாற்பது," என்றது.

குழலிக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைக்குத் தோசை வார்க்கும் நேரம் அது. "படிக்காமப் போட்டுட்டேன்," என்றாள்.

"படிக்காதது காரணமாகாது. தெரிவிக்காதது காரணமாகும். முன்னூறு பேருக்குத் தெரிவிக்கப்படவில்லை. தீர்மானம் செல்லாது. அவர்களை மூன்று நாள் எழுப்பி, தெரிவித்து, மறுபடி வாக்கெடுங்கள்."

குழலி அழுதேவிட்டாள். தன் துயிலைத் தானே நீட்டிக்கொள்ள எவன் கையைத் தூக்குவான்? முன்னூறு ஓட்டும், கூடவே அவள் ஓட்டும் எதிராக விழப்போகிறது. ஜெயித்தாயிற்று.

முன்னூறு பேரையும் எழுப்பினார்கள். நுரையீரல் பழகும்வரை, முதல் இரண்டு நாள், யாரையும் பார்க்கக்கூடாது. பதினோரு பக்கத் தீர்மானம் அத்தனை செவிமணிக்கும் போனது. போதாதென்று குழலி கணவனுக்குப் பதினேழு முறை சேதி அனுப்பினாள்: 'பூங்கா தீர்மானத்தை எதிர்த்துப் போடுங்க.' பதினேழுக்கும் கட்டைவிரல் வந்தது. ஐந்தாண்டில் முதல்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலை முடிவு வந்தது. எழுந்த முன்னூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு பேர் ஆதரவு. முறைப்படி எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்டிருப்பதால் தீர்மானம் செல்லும் என்று நடுவர் இயந்திரம் அறிவித்தது. இனி முறையிட வழியில்லை.

மறுபடி கிடத்துவதற்கு முன் ஒரு மணி நேரம் பார்க்க விட்டார்கள். மதியழகன் மகளைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்துக்கொண்டே, "என்னடா இப்படி வளந்துட்ட? வா, வீட்டுக்குப் போலாம்," என்றான்.

"போக முடியாதுங்க. திரும்பப் படுக்கணுமாம். பத்து வருஷம்."

அவன் முகம் செத்துவிட்டது. மகளைப் பார்த்தான். பத்து வருடத்தில் அவளுக்குப் பத்தொன்பது. "எந்தப் பாவிங்க இதுக்கு ஓட்டுப் போட்டாங்க?"

"உங்களோட சேத்து இருநூத்தித் தொண்ணூத்தாறு பேரு. பதிவேட்டுல இருக்கு."

"நானா? நான் எப்பப் போட்டேன்?"

"பதினேழு தடவ சொன்னேனே. எல்லாத்துக்கும் கட்டைவிரல் காட்டுனீங்களே."

மதியழகன் கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "கண்ணு முழிச்சதும் செவிமணியில ஒன்றரை லட்சம் சேதி, குழலி. காலை வணக்கம், பொங்கல் வாழ்த்து, யாரு வீட்டுப் பூனையோ காணோம்னு நாப்பது. பக்கத்துக் கட்டில்காரரு 'எல்லாத்துக்கும் சேத்து ஒரே அமுக்கா அமுக்கிடுங்க சார்'னாரு. அமுக்கிட்டேன்."

"என்னோடதக்கூடப் படிக்கலயா?"

"அத்தனையும் உக்காந்து படிக்கணும்னா," என்றான் அவன், பாவமாக, "பத்து வருஷம் ஆகுமே."