மதியத்து மிஸ்டு கால்

தரோக்கா என்ற சிற்றூரைத் தாண்டி, சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே தனியாக நின்றிருந்த அந்தப் பழைய விடுதிக்குக் காஸில்தாவும் அவள் கணவன் எலோயும் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். நாய்கூடக் குரைக்கவில்லை. எழுந்து வந்து, காரின் நிழலுக்குள் மறுபடி படுத்துக்கொண்டது.

"உள்ள வாங்க, அங்கயே நின்னா வெந்துடுவீங்க," என்றாள் விடுதிக்காரி விசித்தாசியோன். "ஊரு உலகமே கடலுக்குப் போவுது. நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"கடலத்தான் எல்லாரும் பாத்தாச்சே," என்றான் எலோய். "நாங்க உள்நாட்டுக்குள்ள போறோம். சரகோசாவுல ஆரம்பிச்சு மெரிதா வரைக்கும். எல்லாம் சின்ன ரோடாப் பாத்து."

"சின்ன ரோட்டுல என்னய்யா இருக்கு? பூட்டின வீடும் கழுகும்தான்."

பூண்டு சூப் வந்தது. பிறகு மண்தட்டில் முழுசாக வறுத்த ஆட்டுக்குட்டித் தொடை. விசித்தாசியோன் கத்தியை எலோய் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீ வெட்டு," என்றான் மனைவியிடம். வண்டி ஓட்டிய களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டதும் மேசையிலேயே வரைபடத்தை விரித்தார்கள். பயணத்தை முன்கூட்டியே முழுக்கத் திட்டமிடாமல், ஒவ்வோர் ஊரிலும் உட்கார்ந்து அடுத்த நாள் பாதையைப் பென்சிலால் வரைவது என்று ஏற்பாடு. காஸில்தாதான் வரைந்தாள். பென்சில் மேற்கே போகாமல் வடக்கே ஏறி, கலாதாயூத் வழியாகப் பெரிய சாலையைத் தொட்டு, நீண்ட வளைவாகக் கீழே இறங்கியது. சின்ன ரோடு, சின்ன ரோடு என்று வழியெல்லாம் பாடிய எலோய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் ஏன் கேட்கவில்லை என்று அவளும் யோசிக்கவில்லை. கேட்காமல் இருந்ததே போதும்.

தட்டெடுக்க வந்த விசித்தாசியோன் எட்டிப் பார்த்தாள். "இது என்னம்மா, மூக்கத் தலையச் சுத்தித் தொடறே? பெரால்வா வழியாப் போனா நேர் ரோடு."

"அங்க யாரும் இல்ல," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"அதுவும் சரிதான். கடைசியா இருந்த ஆளும் ஜனவரில போயிட்டான். ஆடு மேய்க்கிறவன். களத்துமேட்டுல வழுக்கி விழுந்து, பனியிலயே கிடந்து... கையில போன் இருந்துச்சாம். யாரைக் கூப்பிட்டானோ பாவம்."

அவள் தட்டுகளோடு உள்ளே போனாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மாடிக்கு ஏறினார்கள்.

அறையில் ஜன்னலின் சுருள்கதவை இறக்கியதும் வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் கட்டில்மேல் விழுந்தது. எலோய் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். காஸில்தாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னலோர மேசையில் வரைபடத்தை விரித்து, தான் வரைந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆடு மேய்க்கிறவன், லெயோன்சியோ, அவளுடைய அண்ணன். பெரால்வாவில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் களத்துமேடு. தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே ஏறி அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். ஒரே ஒரு முறை மணி அடித்து நின்றால், நன்றாக இருக்கிறேன் என்று பொருள். எடுக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஒருமுறை மறதியாக எடுத்துவிட்டாள். "எடுக்காதேன்னு எத்தன தடவ சொல்றது, கழுதை!" என்று கத்தினான். எடுத்ததற்குத் திட்டிவிட்டு, பிறந்த குட்டிகளைப் பற்றி வெகுநேரம் பேசினான்.

ஜனவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் விருந்தாளிகள். போன் அடித்தது. நிற்காமல் அடித்தது. ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"உங்க அண்ணன் இன்னிக்குக் கச்சேரியே வைக்கிறாரு," என்று யாரோ சிரித்தார்கள்.

"கட் பண்ண மறந்துட்டான் கிழவன்," என்று அவளும் சிரித்து, போனைக் கைத்துண்டுக்கு அடியில் தள்ளினாள். எலோய் அப்போது சமையலறையில் இருந்தான். அவனுக்குத் தெரியாது.

பெரால்வாவுக்கு ரொட்டி கொண்டுபோகும் வண்டிக்காரன் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனின் போனை அவளிடம் கொடுத்தார்கள். யாரும் அதைத் திறந்து பார்த்துவிடக் கூடாது. மூடுவதற்கு முன் சவப்பெட்டிக்குள் கைவிட்டு, அவன் சட்டைப் பையில் அவளே வைத்தாள். அண்ணன் மேல் என்ன பாசம் என்று பக்கத்திலிருந்தவர்கள் அழுதார்கள்.

முதலில் வாசனைதான் வந்தது.

நனைந்த கம்பளி. ஆட்டுப்பட்டி. அதற்கும் பின்னால், ஜூலை மாதத்துப் புழுக்கத்தில், பனியின் மணம்.

பிறகு மேசைமேல் அவள் போன் அடித்தது.

திரையில் பெயர்: லெயோன்சியோ.

அவள் தொடவில்லை. ஒரு மணி. இன்னொன்று. நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நிற்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் இடையில், வெகுதூரத்தில் எதையோ தரையில் இழுப்பது போன்ற சத்தம். சுருள்கதவுக்கு வெளியே, வெயிலில், யாரோ மூச்சுவிடச் சிரமப்பட்டார்கள்.

ஓய்ந்தது.

மறுபடி அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் குரல் இல்லை. காற்று மட்டும். களத்துமேட்டுக் காற்று. சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பதுபோல அது காத்திருந்தது.

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"எலோய்," என்றாள். "எந்திரி."

"தூங்கல."

"அன்னிக்கு அண்ணன் கூப்பிட்டான். மிஸ்டு கால் இல்ல. விடாமக் கூப்பிட்டான். நான் சிரிச்சுக்கிட்டே... நான் எடுக்கல, எலோய்."

அவன் முதுகு அசையவில்லை. "தெரியும்," என்றான்.

"எப்படித் தெரியும்?"

அவன் சுவரோடு இன்னும் ஒட்டிப் படுத்தான்.

அவள் ரப்பரால் அந்த வளைவை அழித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழித்தாள். பென்சிலை எடுத்துப் பெரால்வாவுக்கு நேர்கோடு போட்டாள். "நாளைக்கு அங்க போறோம். களத்துமேட்டுக்கு. அண்ணனுக்குக் கேக்கட்டும், எல்லாத்தையும் அங்க நின்னு சத்தமாச் சொல்லப்போறேன்."

போன் ஒரு மணி அடித்தது.

நின்றது.

ஒரே ஒரு மணி. நன்றாக இருக்கிறேன். காஸில்தா வரைபடத்தின்மேல் முகத்தை வைத்து, ஜனவரியிலிருந்து அழாததையெல்லாம் அழுதாள்.

அழுது முடித்தபோதுதான் கவனித்தாள். பனியின் மணம் போகவில்லை. ஜன்னல் பக்கமிருந்து கட்டில் பக்கமாக நகர்ந்திருந்தது.

நாற்காலியில் கிடந்த எலோயின் சட்டைப் பைக்குள் அவன் போன் அடிக்கத் தொடங்கியது.

ஒரு மணி. இன்னொன்று. இன்னொன்று.

எலோய் திரும்பவில்லை. யாரென்று பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்தபடியே, குழந்தையைப் போலக் கிசுகிசுத்தான்:

"நீ எடுக்கலேன்னதும் எனக்கு அடிச்சான், காஸி. கறி வெட்டிக்கிட்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெய்..."

மணி நிற்கவில்லை.