வெளிப்புறம் ஒன்று

தீவுக்கு மாற்றலாகி வந்த எங்களுக்கு டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது 1966இல். பழைய மரவீடு, தகரக் கூரை. சாவி கொடுக்க வந்த ஆபீஸ் ஆள் சண்முகம் சாமான் பட்டியலை நீட்டினார். குழாய் இரண்டு. பெஞ்சு ஒன்று. பின்னறைத் தாழ்ப்பாள் ஒன்று, வெளிப்புறம்.

"உள்பக்கம் கிடையாதா?"

"ஜல்தி கையெழுத்துப் போடுங்க சார், மழை வருது."

போட்டேன். சாமான் அறையாக இருந்திருக்கும் என்று நினைத்து, அதை மகள் மங்கையர்க்கரசிக்குக் கொடுத்தேன்.

அவளுக்குப் பதினைந்து வயது. கப்பலேறிய நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறும் பாதி, தூக்கமும் பாதி. ஹிந்தியில் பூஜ்யம். நான் யாருக்காகக் கடல் தாண்டி வந்தேன்? கேட்டால் சுவரைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளி விட்டு வந்ததும் புத்தகத்தோடு உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். என் மனைவி மரகதம் தடுத்தாள். "நீ சும்மா இரு" என்றேன்.

"அப்பா, திறங்கப்பா. உள்ள யாரோ இருக்காங்க."

படிக்காமலிருக்க ஒரு சாக்கு!

பத்து நாளில் தட்டுவதை நிறுத்தினாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று பெருமைப்பட்டேன். எங்கே வந்தாள்? குளி என்றால் குளித்தாள், உட்கார் என்றால் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம், மழை. மங்கை என் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஈர மரத்தின் வாடை குப்பென்று வந்தது.

பின்னறையில் யாரோ தட்டினார்கள்.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

"அப்பா, திறங்கப்பா."

மங்கை தலை நிமிரவில்லை. "அவங்கப்பா கடைசி வரைக்கும் திறக்கலையாம்" என்று முணுமுணுத்தாள்.

பக்கத்து வீட்டு அன்னம்மாளிடம் ஓடினேன். "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க மூணு பேரா வந்தாங்க. மெயின்லேண்டுக்குக் கப்பலேறினது ரெண்டு பேருதான்" என்றாள்.

உடனே அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினேன்.

"இனிமே உன்னைப் பூட்ட மாட்டேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் அழுதாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு மூச்சு வந்தது.

ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி புரோத்ராபூரில் புதுச் சிமெண்டு வீடு வாங்கினேன். பழைய தாழ்ப்பாளைக் காகிதத்தில் சுற்றிச் சண்முகத்திடம் ஒப்படைத்தேன். மங்கை இப்போது என்னோடு இரண்டொரு வார்த்தை பேசுகிறாள். புது வீட்டில் தன் அறையைப் பார்க்க முதல் ஆளாக ஓடினாள். நான் வாசலில் நின்று புதுப் பட்டியலைப் படித்தேன். குழாய் மூன்று. பெஞ்சு ஒன்று.

"அப்பா."

போனேன். புதுப் பெயிண்ட் அடித்த கதவின் வெளிப்பக்கத்தில், துருப்பிடித்த அதே தாழ்ப்பாள்.

"சத்தியம் பண்ணீங்களே?"

"நான் போடலம்மா! நம்பும்மா!"

அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? மறுபேச்சுப் பேசாமல் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாழ்ப்பாள் என் கண்ணெதிரே நகர்ந்தது.

இரண்டு கைகளாலும் இழுத்தேன். அசையவில்லை.

உள்ளிருந்து தட்டத் தொடங்கினார்கள்.

இரண்டு பேர்.