நாலாவது டேங்க்கிலிருந்து வந்த பதிவு

மூன்று சர்வர்களும் புது வெர்ஷனுக்கு மாறிவிட்டன. பழைய பேட்ஜ்களையெல்லாம் வாங்கி மூட்டை கட்டி மூலையில் போட்டாகிவிட்டது. பழைய வடிவத்தில் பதிவு அனுப்ப உலகத்தில் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் ஒன்று வந்துகொண்டே இருந்தது.

இளவரசிக்கு முதலில் அது பயமாகப் படவில்லை. எரிச்சல்தான். சிதம்பரம் மேல வீதியில் ஜவுளிக்கடைக்கு மேலிருந்த அந்த ஆபீஸில், கீழே டீக்கடையில் பஜ்ஜி பொரியும் எண்ணெய் வாசமும் மழையில் நனைந்த கோணியின் வாடையும் ஜன்னல் இடுக்கு வழியாக ஏறி வர, சர்வர் விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கு நடுவே காலையிலிருந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பதிவைப் பிரிக்க முடியாதபோதெல்லாம் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. கூடவே கம்ப்யூட்டர் 'டொக்' என்றது. அந்தச் சத்தத்தை வைத்ததும் அவள்தான். கவனம் சிதறாமலிருக்க வைத்தது இப்போது உயிரை வாங்கியது.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சாயக் கம்பெனியின் தொழிலாளிகளுக்கு இளவரசியின் ஆபீஸ் தயாரித்த பேட்ஜ்தான் காவல். சட்டைப் பையில் குத்திக்கொண்டால் போதும். ஆள் எங்கே நிற்கிறார், சுவாசிக்கிற காற்றில் விஷம் எவ்வளவு, இதயம் எப்படித் துடிக்கிறது என்பதையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆபத்தென்றால் அமுக்க நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். இத்தனையையும் பேட்ஜ் ஒரு வரிசையில் அடுக்கி அனுப்ப, சர்வர் அதே வரிசையில் பிரிக்க வேண்டும். சாப்பாட்டுக் கேரியரில் மேல்தட்டில் சாம்பார் வைத்து அனுப்பியிருக்க, பிரிக்கிற ஆள் அங்கே சோற்றைத் தேடினால் எப்படியோ, அப்படித்தான் புது சர்வர் அந்தப் பழைய பதிவிடம் திணறியது. திணறினால் பரவாயில்லை. பிரித்து முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்னால் மற்ற எல்லாருடைய பதிவுகளும் ரயில்வே கேட்டில் லாரி நிற்பதுபோல வரிசையாக நின்றன.

அந்த வரிசையில் எழிலனுடையதும் இருந்தது. அவளுடைய தம்பி. அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான். இன்று மாலை ஷிஃப்டில் அவனுக்கு நாலாவது டேங்க்கில் இறங்கிக் கழுவும் வேலை. மதியமே போன் செய்து இறங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அவன் சிரித்தான்.

"நான் மாட்டேன்னா வேற ஒருத்தன எறக்குவாங்கக்கா. அதுக்குள்ள நீ சரி பண்ணிடு. செல்போன லாக்கர்ல வைக்கிறதுக்கு முன்னாடி மெசேஜ் போடு, பாத்துட்டே எறங்குறேன்."

டொக்.

மேனேஜர் மறுபடி மறுபடி கூப்பிட்டார். ஷிஃப்ட் தொடங்குவதற்குள், எல்லாத் தொழிலாளிகளின் நிலையையும் காட்டும் பெரிய திரை பச்சையாக வேண்டுமாம். பிரிக்க முடியாததைக் கீழே தள்ளிவிட்டுப் போகும்படி ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அப்படித் தள்ளுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. என்னவென்று தெரியாமல் எதையும் தள்ளுவதில்லை என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, பழைய வெர்ஷனின் பிரிப்பானைத் தேடி எடுத்து அந்த ஒரு பதிவைக் கையாலேயே பிரித்தாள்.

இடம், நாலாவது டேங்க். காற்று, ஆள் தாங்கமாட்டாத விஷம். நேரம், இப்போது. சிவப்புப் பொத்தான், அமுக்கப்பட்டிருக்கிறது.

இதயத் துடிப்பு என்ற இடத்திலும் ஓர் எண் இருந்தது.

பேட்ஜ் யாருடையது என்று பார்த்தாள். லூர்துசாமி. கணக்கிலிருந்து எப்போதோ நீக்கப்பட்ட பெயர். கடலூர் ஆபீஸில் இருக்கும் சார்லஸுக்கு போன் செய்து, திரும்பி வராத பேட்ஜ் ஏதாவது உண்டா என்று சிடுசிடுத்தாள். லூர்துசாமி பெயரைச் சொன்னாள்.

"அவரு எங்க மாதா கோயில் ஆளுக்கா. நாலாவது டேங்க்லதான் செத்தாரு. அந்த பேட்ஜ்ல அவரு போட்டோ நல்லா இருக்கும். சட்டையிலேர்ந்து கழட்ட வேணாம்னு அவரு சம்சாரம் அழுதுச்சி. அப்பிடியே பெட்டில வச்சி பொதச்சிட்டோம். நானும்தான் மண்ணு போட்டேன்."

பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்காதே என்றாள். ஆமாம் என்றான்.

டொக். டொக்.

இப்போது அது கம்ப்யூட்டர் சத்தம் மாதிரியே இல்லை. இரும்புச் சுவரின் உட்புறம் யாரோ விரல் மடக்கித் தட்டுவதுபோல இருந்தது. ஒலியை முழுக்கக் குறைத்தாள். அப்போதும் கேட்டது. அறையில் ரசாயன நெடி லேசாகப் பரவியது. கீழே பஜ்ஜி வாசம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. இறந்துபோன ஒரு மனிதரின் பேட்ஜுக்காக உயிரோடிருக்கிற தம்பி காவலில்லாமல் இறங்குவதா? எவனோ விளையாடுகிறான், இல்லையென்றால் மெஷினுக்குக் கிறுக்கு. எதுவானால் என்ன, இதற்குமேல் அவளால் முடியாது.

அந்த வரியை எழுதினாள். பிரிக்க முடியாததைத் தள்ளிவிடு.

தட்டல் நின்றது. அடைபட்டிருந்த பதிவுகள் கடகடவென்று ஓடின. திரை முழுக்கப் பச்சை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பிக்கு மெசேஜ் போட்டாள், 'சரியாயிடுச்சி, தைரியமா எறங்கு.' அவனும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினான். பெரிய வேலை ஒன்று முடிந்த அசதியில் நாற்காலியிலேயே கண்ணை மூடினாள்.

கண் திறந்தபோது மழை விட்டிருந்தது. திரை பச்சையாகவே இருந்தது. எழிலன் பெயரும் பச்சைதான். ஆனால் அதன் எண்கள் மாறவில்லை. டேங்க்கின் வாயில் அவன் கால் வைத்தபோது வந்த எண்கள்தான் அப்படியே நின்றன.

தள்ளியவை விழுகிற இடத்தைத் திறந்தாள். அது நிரம்பிக்கொண்டிருந்தது. லூர்துசாமியுடையவை இல்லை. எல்லாம் எழிலனுடையவை. எல்லாம் பழைய வடிவம். அவன் பேட்ஜோ புத்தம் புதியது. பழைய வரிசையில் அடுக்க அதற்குத் தெரியவே தெரியாது.

ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நாலாவது டேங்க். சிவப்புப் பொத்தான். அடுத்தது. சிவப்புப் பொத்தான். அடுத்தது. அடுத்தது.

சூப்பர்வைசர் சடையப்பனின் அறைக்கு போன் போட்டாள். என் தம்பியை மேலே ஏற்றுங்கள் என்று கத்தினாள்.

"அட, அவன் அப்பவே ஏறி வந்துட்டாம்மா. டேங்க்க மூடி போல்ட்டும் போட்டாச்சி. இதோ, என் எதுத்தாப்லதான் ஒக்காந்திருக்கான். மாஸ்க்க கழட்டுடான்னா கழட்ட மாட்டேங்கிறான். பேசவும் மாட்டேங்கிறான். உங்கிட்ட பேசுறானான்னு குடுத்துப் பாக்கறேன், இரு."

போன் கை மாறியது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"எழிலா."

பெரிய திரையின் கடைசியில் புதிதாக ஒரு வரி ஏறியது. புது வடிவம். ஒரு பிழையும் இல்லை.

லூர்துசாமி. சூப்பர்வைசர் அறை. சுத்தமான காற்று. சீரான துடிப்பு. பச்சை.

கம்ப்யூட்டரில் ஒலி குறைந்தேதான் இருந்தது.

டொக். டொக். டொக்.