வளைவில் இறங்கும் அக்கா

றொசல்ல ஸ்டேசனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. அந்த இடத்தில் ரயில் வேகத்தைக் குறைத்து, முனகிக்கொண்டே திரும்பும். நிலக்ஷி அக்கா அங்கேதான் இறங்குவாள். இறங்குவாள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வது. உண்மையில் குதிப்பாள்.

அவளோடு ஹட்டனில் பள்ளிக்கூடம் போய்வரும் தம்பி சுமனுக்குப் பத்து வயது. இரண்டு புத்தகப் பைகளையும் தூக்கிக்கொண்டு ஸ்டேசனில் ஒழுங்காக இறங்கி, மேட்டுப் பாதையில் இருபது நிமிடம் நடந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வருவது அவன் வேலை.

அக்கா குதித்ததற்குக் காரணம் இருந்தது. கடைக்குட்டி கிஷாந்துக்கு மூன்று வயது. பகலில் அவனைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வார்கள். நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அப்பா சின்னராசா தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வர ஆறு மணியாகும். அம்மா குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. அக்காவுக்கோ இது பதினோராம் வகுப்பின் ஓ.எல். சோதனை வருடம். மேலதிக வகுப்பு முடிந்து, அதுவரை காத்திருக்கும் சுமனோடு ஹட்டனில் ரயில் ஏறினால், அந்த ரயில் என்றைக்குச் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறது?

வளைவில் குதித்தால் ஐந்தே நிமிடத்தில் பிள்ளைக் காம்பரா. முதல் நாள் வேறு வழியில்லாமல்தான் குதித்தாள். போகப்போக, நேரத்துக்கு வந்த ரயிலில் இருந்தும் குதிக்க ஆரம்பித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா குதித்தாள். கால் வழுக்கி, சல்லிக்கல்லில் உருண்டாள். அதற்குள் ரயில் திரும்பிவிட்டது. சுமன் ஸ்டேசனில் இறங்கி, இரண்டு பைகளோடும் மேட்டில் மூச்சிரைக்க ஓடினான்.

அக்கா வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சுமன் இன்னும் பயந்தான்.

"இன்னைக்கு ரயில் நேரத்துக்குத்தான வந்துச்சு? பெறகு ஏன் குதிச்ச?" என்று கேட்டான்.

அக்கா மாவை ஒருமுறை புரட்டிப் போட்டாள்.

"காலையில நாலு மணிக்கு எந்திரிச்சதில இருந்து தலைக்குள்ள ஏதாச்சும் ஓடிக்கிட்டே இருக்குடா. தண்ணி, சோறு, தம்பி, கணக்கு, சயன்ஸ். குதிக்கிறப்ப மட்டும் எல்லாம் நின்னுபோவுது. கொஞ்ச நேரந்தான். ஆனா நல்லாருக்கு."

"விழுந்து செத்துப்போனா?"

"அப்பாகிட்ட சொல்லிறாத. தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாரு. சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்" என்றான் சுமன்.

அன்று இரவு வெகுநேரம் யோசித்தான். மறுநாள் நாலு மணிக்கு அக்காவுக்கு முந்தி எழுந்து அவனே ரொட்டி தட்டினான். அது இலங்கைப் படம் போல நீண்டு, யாழ்ப்பாணம் இருக்கிற பக்கம் கருகிப்போனது. அக்கா கருகியதை எல்லாம் தானே தின்றுவிட்டாள். திரும்பும் ரயிலில் தன் பையையும் அவளிடமே கொடுத்தான். இரண்டு பையோடு யார் குதிப்பார்கள்? அக்கா முதலில் இரண்டு பைகளையும் வீசினாள். பிறகு குதித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா பேசும் நாள்.

அந்த லயத்தில், மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் நின்றால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். தண்ணீர் பிடிக்க வருகிறவர்களும் அங்கேதான் நிற்பார்கள். ஊரே கேட்க என்ன பேச முடியும்? அதனால் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். சாப்பிட்டோம், படிக்கிறோம், மழை பேயுது. தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கவலை கொடுக்கக்கூடாது என்று அக்காவும் அதையேதான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அப்பா போனைச் சுமனிடம் நீட்டினார். பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா வாளியை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா சாமி?" அம்மாவின் முகம் போனில் வாடிக் கிடந்தது.

"சாப்பிட்டேம்மா."

"படிக்கிறியா?"

"படிக்கிறேம்மா."

அடுத்தது மழை. சுமன் மழையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அம்மா, அக்காவ ஏசமாட்டேன்னு சொல்லுங்க. அப்பதான் ஒன்னு சொல்லுவேன்."

பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏசமாட்டேன். சொல்லு சாமி."

"நாலு மணிக்குள்ள தம்பியத் தூக்கணும்னு அக்கா ஓடுற ரயில்ல இருந்து குதிக்குது. செவ்வாக்கெழம விழுந்துருச்சு. அது ரொம்பக் களைச்சுப்போச்சும்மா."

அப்பாவின் முகம் சிவந்தது. "ரயில்ல இருந்தா? நாளையில இருந்து இவ..."

"ஏங்க, ஏசாதீங்க" என்றாள் அம்மா போனுக்குள் இருந்து. "புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன். அது உங்களுக்குஞ் சேத்துத்தான். நிலக்ஷி, இங்க வா. காலையில எத்தன மணிக்கு எந்திரிக்கிற?"

"நாலு."

"எப்ப படுக்கிற?"

"பதினொன்னு. சில நாள் பன்னெண்டு."

அம்மா தலைமுக்காட்டின் முனையால் கண்ணைத் துடைப்பது போனில் தெரிந்தது.

அப்பா தொப்பென்று கல்லில் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள."

"நீங்களே களைச்சு வாறீங்கப்பா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அழுதாள். வெகுநாளாக அடக்கி வைத்த அழுகை. வாக்கை மீறிவிட்ட சுமனும் சேர்ந்து அழுதான்.

மீனம்மா அக்கா நிரம்பிய வாளியைத் தள்ளி வைத்தார்.

"எம்புள்ளையத் தூக்க நா தெனமும் பிள்ளைக் காம்பராவுக்குத்தான போறேன்? ஒரு இடுப்புல அவன். இன்னொரு இடுப்பு சும்மாதான கெடக்கு. ஏன் என்னைய யாரும் கேக்கல?"

உண்மையிலேயே யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

சனிக்கிழமையிலிருந்து காலைத் தண்ணீரும் ரொட்டியும் அப்பாவின் பொறுப்பு ஆயின. அவருடைய ரொட்டியைப் பார்த்த பிறகு சுமனுக்குத் தன் ரொட்டிமேல் மரியாதை வந்தது. பாத்திரம் கழுவுவது சுமன். கிஷாந்த் மீனம்மா அக்காவின் இடது இடுப்பில் ராஜா மாதிரி வந்து இறங்கினான்.

அக்கா மட்டும் இரண்டு நாள் சுமனோடு பேசவில்லை.

திங்கட்கிழமை வளைவு வந்ததும் அவள் எழுந்து கதவருகே போய் நின்றாள். சுமன் அவளையே பார்த்தான். கம்பியைப் பிடித்தபடி நின்றவள், வளைவு தாண்டியதும் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"கால் தானா போயிருச்சு" என்றாள். அதுதான் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"சரி" என்றான் சுமன்.

புதன்கிழமை ஹட்டன் தாண்டியதுமே அக்காவின் தலை அவன் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வளைவு வந்தது, போனது. ஸ்டேசனும் வந்தது. எழுப்பலாம் என்று கையைத் தூக்கினான். அக்காவின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தான். கையை மடியில் வைத்துக்கொண்டான். ரயில் கிளம்பிவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா கண்ணைத் திறந்தாள். சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஏன்டா, நம்ம ஸ்டேசன் போயிருச்சா? ஏன் எழுப்பல?"

"நீ தூங்குன."

அக்கா அவனை முறைத்தாள். அவசரமாக எழப்போனவள், எதற்கு அவசரம் என்று யோசித்தவள்போல அப்படியே உட்கார்ந்தாள்.

"அடுத்த ஸ்டேசன் வர எவ்வளவு நேரமாகும்?"

"தெரியல. கொஞ்ச நேரமாகும்."

"அப்ப வந்ததும் எழுப்பு" என்று சொல்லிவிட்டு, அவன் தோளில் மறுபடியும் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.