இடது பின்சக்கரம்

அந்தப் பழைய பேருந்து டயர்க் கிடங்கின் வாசலில் வந்து நின்றபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். வானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கிடங்கு முழுக்க ஆள் உயரத்துக்கு டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அடுக்குகளுக்கு நடுவே சூடான ரப்பர் வாடையும், டயர்களுக்குள் தேங்கிய பழைய தண்ணீரின் வாடையும் கலந்து அடித்தன.

ஓட்டி வந்தவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தையல்காரி. இரண்டு வருடத்துக்கு முன்பு ஏலத்தில் எடுத்த இந்த வண்டியை இருவரும் சேர்ந்து வீடாக்கினார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தையல் மெஷின் எல்லாம் வைத்தார்கள். பின்பக்கத்து இடது மூலையில் இருந்த இரண்டாவது கதவைத் தகடு வைத்துப் பற்றவைத்து மூடி, அங்கே துணி அலமாரியை நிறுத்தினார்கள்.

இப்போது மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தலைப்பிரசவம். இன்னும் நான்கு நாள்தான். நேற்று ஒரு சரிவில் இடது பின்சக்கரத்து டயர் வெடித்து, வண்டி பள்ளத்தின் விளிம்பு வரை இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஆறு மாதத்தில் இது மூன்றாவது முறை. மூன்று முறையும் அதே மூலை.

அதிலிருந்து தையல்காரிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உண்மையில் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. கட்டிலில் படுத்தால் சுற்றிலும் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பது போல மூச்சு முட்டும். எழுந்து அடுப்பைத் துடைப்பாள், துணியை மடிப்பாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பாள். கணவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டயர்க்காரர் குனிந்து ஒவ்வொரு சக்கரமாகத் தடவிப் பார்த்தார். இடது பின்பக்கம் வந்ததும் நிமிர்ந்தார்.

"எத்தனை பேரை ஏத்துறீங்க சார்?"

"நானும் இவளும்தான்."

"விளையாடாதீங்க. வெளி ஓரம் கம்பி தெரியிற அளவுக்குத் தேஞ்சிருக்கு. வலது பக்கம் பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. ஒரு கூட்டமே இந்த மூலையில நின்னாத்தான் இப்படித் தேயும்."

கணவர் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

டயர்க்காரர் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். "ரேடியல் போட்டா சொகுசா ஓடும், சூடு ஏறாது. ஆனா பக்கச்சுவர் மெலிசு. நைலான் முரடு, பாரம் தாங்கும். பழைய டயர்ல புது ரப்பர் ஒட்டின ரீட்ரெட்டும் இருக்கு. பின்னாடிக்கு வேணா தரேன், முன்னாடிக்குக் கேக்காதீங்க."

அவள் ஒரு நைலான் டயரின் பக்கச்சுவரில் இருந்த நான்கு எண்களை விரலால் தடவினாள். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லும் எண்கள் அவை. ஓட்டுநர் மனைவிக்கு அது தெரியும்.

"புதுசுன்னு சொன்னீங்க. இது செஞ்சு ஆறு வருஷமாச்சே?"

டயர்க்காரர் சிரித்துவிட்டார். "சரிக்கா, அதை விடுங்க. முதல்ல வண்டியை எடை போடுவோம். எடை தெரியாம டயர் எடுக்கிறது, கால் அளவு தெரியாம செருப்பு எடுக்கிற கதைதான். எதிர்ல எடைமேடை இருக்கு. என் தங்கச்சிதான் பாக்குறா."

வண்டியை இரும்பு மேடையில் ஏற்றினார்கள். எல்லோரும் கீழே இறங்கி நின்றார்கள். சின்ன அறையின் ஜன்னலுக்குள்ளே இருந்த தங்கை திரையைப் பார்த்து வாசித்தாள்.

"ஒன்பதாயிரத்துப் பத்து."

கணவர் பையிலிருந்து சான்றிதழை எடுத்தார். வீடாக மாற்றிய பிறகு, அடுப்பு, கட்டில், மெஷின், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து எடுத்த எடை அதில் இருந்தது. ஏழாயிரத்து நானூறு கிலோ.

"அதுக்கப்புறம் என்ன ஏத்தினீங்க?"

"ஒண்ணும் ஏத்தல. தண்ணித் தொட்டிகூடக் காலி."

டயர்க்காரர் ஏறி உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அலமாரியைத் திறந்து பார்த்தார். வேகமாக இறங்கி வந்தார். முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"உள்ளே ஏன் இவ்வளவு நெருக்கமா இருக்கு?" என்றார் மெதுவாக.

அவள் கணவரின் முகத்தையே பார்த்தாள். முப்பது வருடத்தில் அந்த முகத்தில் பொய் எங்கே உட்காரும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏங்க. இந்த வண்டியைப் பத்தி எங்கிட்ட என்ன சொல்லாம விட்டீங்க?"

சாவிக்கொத்து நின்றது.

"ஆத்துல விழுந்த வண்டி," என்றார். "பாலத்துல இருந்து. முன்கதவு சேத்துல புதைஞ்சிருச்சாம். எல்லாரும் பின்கதவுக்கு வந்திருக்காங்க. அது திறக்கலையாம்."

"தெரிஞ்சேவா அந்தக் கதவைப் பற்றவச்சு மூடினீங்க?"

"இரும்புதானே, கழுவிட்டா போச்சுன்னு நினைச்சேன்."

அவள் திட்டவில்லை. டயர்க்காரரிடம் திரும்பினாள். "அந்தத் தகட்டை வெட்டணும்."

"அக்கா, என் வேலை டயர் மாத்துறது."

"வெட்டாட்டி எந்த டயர் போட்டாலும் அந்த மூலை வெடிக்கும். என் பொண்ணு அங்க காத்துட்டு இருக்கா."

அவர் அந்தத் தேய்ந்த டயரை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். பிறகு கிடங்குக்குள் போய் வெட்டும் இயந்திரத்தை எடுத்து வந்தார்.

வண்டி மேடையிலேயே நின்றது. ஆண்கள் இருவரும் அலமாரியை வண்டியின் நடுவே நகர்த்தினார்கள். தகட்டின் நான்கு பக்கமும் தீப்பொறி பறந்தது. வெட்டிய தகட்டை உள்ளேயே தரையில் கிடத்திவிட்டு, முன்கதவு வழியாகக் கீழே இறங்கிச் சுற்றி வந்து, வெளியிலிருந்து கதவைப் பிடித்து இழுத்தார்கள்.

மூன்றாவது இழுப்பில் திறந்தது.

ஆற்றுச் சேற்றின் வாடை முகத்தில் அறைந்தது.

உள்ளே யாரும் இல்லை. கட்டிலும் மெஷினும் மங்கலாகத் தெரிந்தன. ஆனால் அந்த வாசலில் கை நீட்ட இடமில்லை என்பது போல இருந்தது.

கணவர் முன்னே வந்தார். முப்பது வருடம் பழகிய குரலில், ஆனால் ரொம்பத் தாழ்வாகச் சொன்னார்.

"இறங்குறவங்க இறங்குங்க. அவசரப்படாதீங்க. வண்டி நிக்குது."

படி ஒருமுறை அமுங்கி எழுந்தது.

"எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது," என்றாள் ஜன்னலிலிருந்து தங்கை.

மறுபடி அமுங்கியது.

"எட்டாயிரத்து எண்ணூத்தி எண்பது. அண்ணே, குறையுதுண்ணே."

யாரோ உரசிக்கொண்டு போனது போல டயர்க்காரரின் சட்டைக்கை அசைந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

படி அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது. ஒவ்வொரு முறையும் சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகள் முனகின. சாய்ந்து கிடந்த மூலை விரல் விரலாக நிமிர்ந்தது. தங்கை எண்களை வாசித்துக்கொண்டே வந்தாள். போகப் போக அவள் குரல் கரகரத்தது. அரை மணி நேரம் ஆனது.

பிறகு படி அசையவில்லை.

கணவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தங்கை ஜன்னல் வழியாகத் தையல்காரியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஏழாயிரத்து நானூத்தி இருபதுல நிக்குது. இருபது கிலோ இன்னும் இறங்கல."

அவள் பின்கதவுக்குத் திரும்பி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலில் அவள் மடித்து வைத்த போர்வை கலையாமல் இருந்தது.

"இறங்கு கண்ணு," என்றாள் மெதுவாக. "எல்லாரும் போயிட்டாங்க பாரு."

மழையின் முதல் துளிகள் மேடை மேல் விழுந்தன. ஜன்னலைப் பார்த்தாள். தங்கை இல்லையென்று தலையசைத்தாள்.

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். இரண்டு வருடத்தில் அவள் பார்க்காத ஒரு நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. "முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது," என்றாள் அவள்.

ஆறு சக்கரத்துக்கும் ஒரே வருடத்து ரேடியலைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த எடைக்கு அது தாராளம் என்றார் டயர்க்காரர். மாற்றி முடிக்கும் வரை அவர் ஒரு முறைகூட வண்டிக்குள் ஏறவில்லை. கிளம்பும்போது கைகூட அசைக்காமல் மழையில் நனைந்துகொண்டே நின்றார். தங்கை எப்போதோ ஜன்னலைச் சாத்தியிருந்தாள்.

மலைப்பாதையில் வண்டி அலுங்காமல் ஏறியது. கணவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அவள் அந்தப்பக்கத்து இருக்கையில், இருவருக்கும் நடுவே இன்ஜின் பெட்டி இருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி இருந்தாள். பின்னால் திரும்பக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு வளைவைத் தாண்டியதும் அவர் சொன்னார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். தூக்கம் வந்தா தூங்கு."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"இப்பத்தானே கேட்டே, இன்னும் எவ்வளவு தூரம்னு? காதுகிட்ட வந்து?"

சிரித்துக்கொண்டே திரும்பியவர், அவள் உட்கார்ந்திருந்த தூரத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கை தானாக உயர்ந்து காதைத் தொட்டது.

காது மடல் ஈரமாக இருந்தது.