கொட்டாங்குச்சி முழுகும் வரை

தேவேந்திரனின் பிக்கப் வண்டி ஓடிய காலத்தில் நடுமேட்டுக்குப்பத்தில் யாருக்கும் கடிகாரம் தேவைப்படவில்லை. விடிகாலையில் அது ஸ்டார்ட் ஆனால் ஊரே எழுந்துவிடும். பழவேற்காடு ஏரியில் ஒற்றைக்காலில் தூங்கும் பூநாரைகள் மற்ற காலையும் கீழே வைக்கும். அதன் கறுப்புப் புகைக்குள் புகுந்து வந்த ஒரு வெள்ளைக் கொக்கை, சொந்தக் குஞ்சுகளே காக்கா என்று நினைத்து விரட்டின. சந்தேகம் இருந்தால் அந்தக் கொக்கையே கேட்கலாம். இன்னும் அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட வண்டி ஒருநாள் திருப்பாலைவனம் ரோட்டில் ‘டடக்’ என்றது. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்டன் உள்ளேயே இறுகிப்போய்விட்டது. மீன் கூடைகளோடு வண்டியையும் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

மீன் ஏற்ற வண்டி இல்லையென்றால் தேவேந்திரனுக்கு ஊரில் வேலை இல்லை. சென்னையில் லாரி ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வரமுடியும். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து சேரச் சொன்னார்கள். மனைவி மாலா ஒரு நீலப் பையில் துணிகளை அடுக்கி ஆணியில் மாட்டிவைத்தாள்.

பதினோரு வயது மகள் பூவிழி, அந்த ஆணியைப் பார்க்காமலே வீட்டுக்குள் போய்வரப் பழகிக்கொண்டாள்.

“நைனா, அந்த திங்கக்கிழமைக்குள்ள வண்டி ஓடிச்சுன்னா?” என்று கேட்டாள்.

“ஓடிச்சுன்னா நான் இன்னாத்துக்கு சென்னைக்கு போறேன்?” என்றார் தேவேந்திரன்.

அன்றைக்கே வேலை தொடங்கியது.

எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் இதே மாதிரி வண்டி ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. உடம்பெல்லாம் நசுங்கியிருந்தாலும் அதன் டீசல் எஞ்சின் பிழைத்திருந்தது. அதை ஏரிக்கரை வரைக்கும் ஆட்டோவிலும் அங்கிருந்து படகிலும் கொண்டுவந்தார்கள். படகை ஓட்டியது வேறொரு எஞ்சின். பிறந்ததிலிருந்து உழைத்த அந்த எஞ்சின், முதல்முறையாக இன்னொரு எஞ்சினை வேலை வாங்கிக்கொண்டு ஹாயாக வந்து இறங்கியது.

இரண்டு வாரம் வாசலில் அதைப் பிரித்தார்கள். பூவிழி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாள். நைனா புது பிஸ்டன் ரிங் போட்டார், பேரிங் மாற்றினார், மறுபடி பூட்டினார். கழற்றிய போல்ட்டுகளைப் பூவிழி வரிசை மாறாமல் வலை நூலில் கோத்து வைத்திருந்ததால் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஒன்று மிச்சமாகக்கூட இல்லை. அதுதான் அதிசயம்.

அதுவரைக்கும் எல்லாம் சுகம். வெள்ளிக்கிழமை மூன்று சவுக்குக் கழிகளை முக்காலி போலக் கட்டி, எடை தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி, பழைய எஞ்சினை வெளியே தூக்கினார்கள். புது எஞ்சின் அந்தரத்தில் ஆடிக்கொண்டே வண்டிக்குள் இறங்கியது. வேடிக்கை பார்க்க ஊரே வந்துவிட்டது. வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போனால் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதல் ஆள் நாகப்பன். படகு எஞ்சினில் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சொந்த மச்சானின் நெஞ்சில் காதை வைத்து, டீசல் கம்மியா இருக்குது என்று சொல்லிவிட்டார். அடுத்தவர் வீரராகவன். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங் கழன்று கையோடு வந்த பிறகும் பஸ்ஸைப் பொன்னேரி வரை கொண்டுபோனதாகச் சொல்வார். பஸ்ஸுக்கு வழி தெரியுமாம்.

தேவேந்திரனுக்கு யாரையும் வேண்டாம் என்று சொல்ல வராது. எல்லாரும் மாமன், மச்சான், பெரியப்பன். அவர் ஒரு நட்டை முறுக்கினால் ஒருவர் தளர்த்தச் சொன்னார். நாகப்பனும் வீரராகவனும் ஒரே நட்டில் ஆளுக்கு ஒரு ஸ்பேனரை மாட்டி, ஒருவர் முறுக்க ஒருவர் கழற்ற, கால் மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். நட்டு அசையவில்லை. இவ்வளவு உறுதியான நட்டை அந்தக் காலத்தில்தான் செய்வார்கள் என்று இரண்டு பேருமே பாராட்டினார்கள். அது போன வாரம் வாங்கிய நட்டு.

விடிந்தால் அந்தத் திங்கட்கிழமை என்கிற ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவழியாகச் சாவியைத் திருகினார்கள். எஞ்சின் உறுமியது. கைதட்டல் கிளம்பியது. பத்து எண்ணுவதற்குள் உறுமல் இருமலாகி நின்றுபோனது. டீசல் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி திருகினார்கள். மறுபடி பத்து. அவ்வளவுதான்.

உடனே பதினைந்து பேர் பதினாறு காரணம் சொன்னார்கள். நைனா எண்ணெய்க் கையோடு நடுவில் நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி, வீட்டுக்குள் ஆணியில் தொங்கிய நீலப் பையைப் பார்த்தார்.

அவர் பார்த்ததால் பூவிழியும் பார்க்கவேண்டியதாயிற்று.

அப்போதுதான் இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. இறால் பண்ணையில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற ஜெயம்மா அத்தை, நண்டுக் கூடையோடு ஓரமாக நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். நாகப்பன் பேசினார். மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். வீரராகவன் பேசினார். நேற்றும் அவள் இப்படித்தான் திறந்து திறந்து மூடியது பூவிழிக்கு நினைவு வந்தது.

பூவிழி உள்ளே ஓடினாள். கணக்கு நோட்டில் இரண்டு பக்கம் கிழித்தாள். அங்கே நின்ற அத்தனை பேர் பெயரையும் எழுதி, சீட்டாக மடித்து, மீன் சட்டியில் போட்டாள். ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி ஒன்றையும் ஒரு வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வந்து, வண்டியின் பின்பக்கம் ஏறி நின்றாள்.

“எல்லாருக்கும் பாடு போடப் போறேன்” என்றாள்.

பாடு என்றதும் கூட்டம் அடங்கிவிட்டது. ஏரியில் எல்லாரும் ஒரே இடத்தில் வலை விரித்தால் வலையோடு வலை சிக்கி, சண்டைதான் மிஞ்சும். அதனால் சீட்டு எடுத்து, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. அடுத்தவர் பாட்டில் வலையை நனைக்க அந்தக் குப்பத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

விதியைப் பூவிழி சொன்னாள். சீட்டு யாருக்கு வருகிறதோ அவர் மட்டும் பேசலாம், எஞ்சினைத் தொடலாம். தண்ணீரில் விட்ட கொட்டாங்குச்சி நிறைந்து முழுகினால் அவர் பாடு முடிந்தது. மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது.

முதல் சீட்டு வீரராகவனுக்கு. ஸ்டியரிங் இல்லாத பஸ் கதையிலிருந்து தொடங்கினார். கதையில் பஸ் அனுப்பம்பட்டு ரயில்வே கேட்டில் நின்றபோது கொட்டாங்குச்சி முழுகியது. அந்த பஸ் இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

இரண்டாவது நாகப்பனுக்கு. எஞ்சினில் காதை வைத்தார். ஓடாத எஞ்சினில் என்ன கேட்டாரோ, அது அவருக்கும் எஞ்சினுக்கும்தான் தெரியும். டீசல் எங்கேயோ ஒழுகுகிறது என்றார். துணியால் துடைத்துத் துடைத்துத் தேடினார்கள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. முழுகியது.

மூன்றாவது சீட்டைப் பிரித்த பூவிழி, “ஜெயம்மா அத்தை” என்று படித்தாள்.

“பொம்பளைங்களுக்கு ஏதும்மா பாடு?” என்றார் நாகப்பன்.

“அது ஏரிப் பாடு, பெரியப்பா. இது எஞ்சின் பாடு. இப்ப நீங்க பேசினது அத்தையோட பாட்டுல.”

நாகப்பனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. அறுபது வயதுவரை அடுத்தவர் பாட்டில் அவர் கால்கூட வைத்ததில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜெயம்மா நிதானமாக வந்தாள். டீசல் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயைத் தொட்டாள். அது வளைகிற இடத்தில், கிளிப்புக்குப் பக்கத்தில், அழுத்திக் காட்டினாள். முடி அளவு ஒரு வெடிப்பு.

“இங்க டீசல் வெளிய ஒழுகாது. எஞ்சின் டீசலை உறிஞ்சறப்ப காத்தையும் சேத்து உறிஞ்சுது. அதான் பத்து எண்றதுக்குள்ள நின்னுடுது. எங்க பண்ணையிலயும் இதே கதைதான்” என்றாள்.

தேவேந்திரன் குனிந்து பார்த்தார். “எப்ப பாத்த, ஜெயம்மா?”

“நேத்து காலையில, நீ மாட்டறப்பவே. சொல்லத்தான் ரெண்டு நாளா நிக்கிறேன்.”

அவள் நண்டுக் கூடைக்குள் கையை விட்டாள். நண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு முழம் புது ரப்பர் குழாயை எடுத்தாள். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்டும் கூடவே வந்தது. கொட்டாங்குச்சி அப்போதுதான் முழுகியது.

பழைய குழாயைக் கழற்றினார்கள். புதியதை மாட்டிக் கிளிப்பை இறுக்கினார்கள். காற்றை வெளியேற்றினார்கள். நைனா சாவியைத் திருகினார்.

எஞ்சின் உறுமியது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் எண்ணினார்கள். எட்டு. ஒன்பது. பத்து. பூவிழி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பதினொன்று. பன்னிரண்டு. நாற்பதில் நாகப்பனுக்கு எண் தவறிப்போய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். நூறு தாண்டியது. தூரத்தில் ஏரியில் பூநாரைகள் மற்ற காலையும் கீழே வைத்தன.

தெருவே குதித்தது. மாலா ஜெயம்மாவைக் கட்டிக்கொண்டாள். நண்டு யாரையோ கடித்தது. கடிபட்டவரும் சிரித்தார்.

சத்தம் கொஞ்சம் ஓய்ந்ததும் பூவிழி மீன் சட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு சீட்டைத் தேடி எடுத்தாள். பிரித்து உயர்த்திக் காட்டினாள். அதில் அவள் பெயர் இருந்தது.

“இது என் பாடு” என்று சொல்லி, கொட்டாங்குச்சியைத் தண்ணீரில் விட்டாள்.

கூட்டம் வாயை மூடிக்கொண்டது. எஞ்சின் மட்டும் பேசியது. அதற்குச் சீட்டு எழுத அவள் மறந்துவிட்டாள்.

“நைனா, அந்த நீலப் பையில இருக்கற துணியெல்லாம் எடுத்து கொடியில போடு.”

தேவேந்திரன் உள்ளே போனார். பையைக் கொண்டுவந்து அங்கேயே கவிழ்த்தார். நாலு சட்டையையும் ரெண்டு லுங்கியையும் ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டார். காலிப் பையில் ஸ்பேனர்களை அள்ளிப் போட்டு மறுபடி ஆணியில் மாட்டினார்.

வாளியில் கொட்டாங்குச்சி இன்னும் பாதிகூட முழுகவில்லை.